கம்பெனி சர்வரை நிறுத்தினால் காருக்கு என்ன ஆகும்?

கார் வாங்கி ஆறேழு வருடம் ஆகியிருக்கும். பேங்க் கடன்கூட அப்போதுதான் முடிந்திருக்கும். ஒரு நாள் காலையில் போனில் இருக்கும் ஆப், "இந்த மாடலுக்கான சேவை நிறைவடைந்தது" என்று சொல்லிவிட்டு அடங்கிவிடுகிறது. கார் ஓடுகிறது. ஆனால் தூரத்திலிருந்து கதவைப் பூட்ட முடியவில்லை. வரைபடம் பழசாகவே நிற்கிறது. விபத்து நடந்தால் தானாகப் போக வேண்டிய உதவி அழைப்பு போகாது. ஏஜென்டிடம் கேட்டால் (டர்பனில் கம்பெனி டீலருக்கு அதுதானே பெயர்) புது மாடலைக் காட்டுகிறார். சாட்ஸ்வொர்த்தில் இருபது வருடமாக நம் குடும்பத்துக் கார்களைப் பார்த்துவரும் மெக்கானிக், ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கிறார்.

"ரைட் டு ரிப்பேர் சட்டம்தான் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். வாங்கிய காரை விரும்பிய மெக்கானிக்கிடம் பழுதுபார்க்கும் உரிமையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தக் கேள்விக்குள் இரண்டு குழப்பம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2021ல் வந்தது சட்டமல்ல, வழிகாட்டல். இரண்டாவது, அது திறந்துவிட்டது வொர்க்‌ஷாப்பின் கதவைத்தான். சர்வர் அறையின் சாவி இன்றும் கம்பெனியின் இடுப்பில் தொங்குகிறது.

ஒரே காருக்குள் மூன்று ஆயுள்

இன்றைய காரை ஒரே பொருளாகப் பார்த்தால் எதுவும் புரியாது. அதில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு.

1. இரும்பும் ரப்பரும். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது வருடம் தாங்கும். சிட்டி கால்ஃப் 2009ல் உற்பத்தி நின்ற கார். டொயோட்டா டாஸ் 2006ல் நின்றது. இரண்டையும் இன்றும் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ் தெருக்களில் பார்க்கலாம்.

2. காருக்குள் இருக்கும் மென்பொருள். எஞ்சினுக்கு ஒரு சின்னக் கணினி, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று ஒரு காரில் பல டஜன் இருக்கும். இவற்றை ஈசியு என்பார்கள். எல்லாம் ஒரே வயர் வலையில் பேசிக்கொள்கின்றன. இவற்றின் மென்பொருளில் பிழை வந்தால் திருத்த வேண்டும். திருத்துவது யார், எத்தனை வருடத்துக்கு என்பது கம்பெனியின் முடிவு.

3. காருக்கு வெளியே இருக்கும் சர்வரும் செல்போன் வலையும். காருக்குள் ஒரு சிம் இருக்கிறது. ஆப், அவசர அழைப்பு, வழிகாட்டி, காற்றுவழி அப்டேட் எல்லாம் அந்த சிம் வழியாகக் கம்பெனியின் சர்வருக்குப் போய்த் திரும்பி வருகின்றன. இந்த மூன்றாவது அடுக்குதான் முதலில் சாகும்.

முதல் அடுக்குக்கு நாம் மொத்த விலையும் கொடுத்துவிட்டோம். மூன்றாவதை வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறோம், பத்திரத்தில் அப்படி யாரும் தலைப்பு போட்டு எழுதாவிட்டாலும்.

மெக்கானிக் ஏன் கையை விரிக்கிறார்?

ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஊசிகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி என்று எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் அது கட்டாயமானது. ஆனால் எதற்காகக் கட்டாயமானது? வண்டி விடும் புகையைச் சோதிக்க. ஆகவே எந்தக் கம்பெனி ஸ்கேனரும் படிக்கும்படி பொதுமொழியில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது புகையோடு சம்பந்தப்பட்ட எஞ்சின் குறைகளை மட்டுமே. ஏர்பேக், பாடி, கேமரா இவையெல்லாம் அவரவர் கம்பெனியின் சொந்த மொழியிலேயே தங்கிவிட்டன. கடையில் வாங்கும் சாதாரண ஸ்கேனர் "எஞ்சினில் இந்தக் குறை" என்று சொல்லும். "வலதுபக்கக் கேமராவைப் புதிதாக மாட்டியிருக்கிறேன், ஏற்றுக்கொள்" என்று காரிடம் சொல்ல அதனால் முடியாது.

இங்கேதான் பழைய பழுதுபார்ப்பும் புதிய பழுதுபார்ப்பும் பிரிகின்றன. டாஸில் ஆல்டர்னேட்டர் போனால் ஸ்கிராப் யார்டில் ஒன்று வாங்கி நாலு போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது. இன்றைய காரில் ஹெட்லைட், கியர்பாக்ஸ் கணினி, பேட்டரி போன்றவற்றை மாட்டிய பிறகு, அவற்றைக் காருக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. அறிமுகம் செய்வதற்குக் கம்பெனியின் மென்பொருள் வேண்டும். பல நேரங்களில் அந்த மென்பொருள் கம்பெனி சர்வரோடு அந்த நிமிடத்தில் பேசி அனுமதி வாங்க வேண்டும்.

அனுமதி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அரக்கு முத்திரை போட்ட கடிதத்தை நினைத்துக்கொள்ளலாம். கம்பெனி அனுப்பும் மென்பொருளில் ஒரு டிஜிட்டல் முத்திரை இருக்கும். காரிலுள்ள ஈசியு முதலில் முத்திரையைப் பார்க்கும், பொருந்தினால்தான் உள்ளே விடும். முத்திரை மோதிரம் கம்பெனியிடம் மட்டும் இருக்கிறது. கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டால் புது முத்திரைக் கடிதம் வராது, வேறு யார் எழுதினாலும் கார் வாங்கிக்கொள்ளாது. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதைதான். அப்டேட்டையும் நிறுத்துவார்கள், நாமே திருத்திக்கொள்ளவும் விடமாட்டார்கள்.

ஏன் நிறுத்துகிறார்கள்?

எல்லாம் பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். காரணங்கள் பலவிதம்.

*செல்போன் வலை மாறுகிறது.* அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜியை மூடியபோது, 3ஜி மோடம் (சிம்மைச் செல்போன் வலையோடு இணைக்கும் கருவி) பொருத்தப்பட்டிருந்த பல கம்பெனிகளின் கார்கள் ஒரே நேரத்தில் ஊமையாயின. அவற்றில் சில மாடல்களில் விபத்து அழைப்பும் போனது. பிரிட்டனில் நிஸான், 2ஜி மோடம் உள்ள பழைய லீஃப் மின்கார்களுக்கான ஆப் சேவையை 2024 ஏப்ரலில் நிறுத்தியது. சொன்ன காரணம், 2ஜி வழக்கொழிகிறது என்பது. ஆனால் அந்த நாட்டில் 2ஜியை மூட வைத்திருக்கும் கடைசிக் கெடு 2033. வலை சாகுமுன்பே கார் சேவையை அடக்கம் செய்துவிட்டார்கள்.

நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2024ல் வெளியான தென்னாப்பிரிக்க அரசின் அலைக்கற்றைக் கொள்கை, 2ஜி, 3ஜி இரண்டையும் மூட 2027 இறுதியைக் கெடுவாகக் குறித்திருக்கிறது. கார் ஆப் மட்டும் பாதிக்கப்படும் என்று நினைக்க வேண்டாம். இன்ஷூரன்ஸ்காரர்கள் வற்புறுத்திப் பொருத்தச் சொல்லும், கார் எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கர்களிலும் பழைய 2ஜி மோடம் உள்ளவை உண்டு.

*கம்பெனியே போய்விடுகிறது.* அமெரிக்காவின் ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவால் மனு கொடுத்தது. அதுவரை அது தயாரித்த ஓஷன் மின்கார்கள் சுமார் 11,000. விற்காமல் கிடந்த 3,300 கார்களை நியூயார்க்கில் வாடகைக் கார் நடத்தும் ஒரு நிறுவனம் வாங்க ஒப்புக்கொண்டது. பிறகுதான் சிக்கல் தெரிந்தது. கார்களின் தகவல்களை ஃபிஸ்கரின் சர்வரிலிருந்து வாங்குபவரின் சர்வருக்கு மாற்ற முடியாது என்று திவாலான கம்பெனி சொன்னது. இரும்பைக் கைமாற்றுவது சுலபம், உயிரை மாற்றுவது அப்படியல்ல.

இதை நம் அனுபவத்தோடு வைத்துப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2017ல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் போனது. அதன் பிராண்டான செவர்லே வைத்திருந்தவர்கள் கவலைப்பட்டார்கள், விலையும் இறங்கியது. ஆனால் செவர்லே யூட்டிலிட்டி பக்கியை (பின்னால் சரக்குத் தொட்டி உள்ள சிறு வண்டி) எந்த முற்றத்து மெக்கானிக்கும் கழற்றி மாட்டினார், இன்றும் மாட்டுகிறார். ஏனென்றால் அந்தப் பக்கிக்கு டெட்ராயிட்டில் இருக்கும் தலைமையகத்தைக் கேட்டு நடக்க வேண்டிய அவசியம் இல்லை. கடந்த சில வருடங்களில் இங்கே வந்து குவிந்திருக்கும் புதிய பிராண்டுகளில் ஒன்று நாளை கிளம்பினால் நிலைமை அப்படி இருக்காது. மலிவு விலைக்கும் பெரிய திரைக்கும் மயங்குமுன் இதை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

*உள்ளே இருக்கும் சில்லு தேய்கிறது.* டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், எக்ஸ் கார்களில் நடுத்திரையை இயக்கும் கணினியில் 8 ஜிபி நினைவகம் இருந்தது. எழுதி அழித்து எழுதியே அது தேய்ந்தது. தேய்ந்ததும் திரை போனது, திரையோடு பின்பக்கக் கேமராவும் போனது. 2021ல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பு தலையிட்ட பிறகு சுமார் 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தேய்மானம் என்றால் டயரும் பிரேக் பேடும்தான் என்ற பழைய கணக்கு இனி செல்லாது.

*காசு.* ஒரு மாடலுக்கு அப்டேட் எழுத ஆள் வேண்டும், சோதிக்கப் பழைய கார் வேண்டும். விற்று முடிந்த காரில் இனி வருமானம் இல்லை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

2021 வழிகாட்டல் என்ன தருகிறது?

தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் வெளியிட்டு, 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது இது. வாகனத்தை விற்ற பிறகு நடக்கும் சர்வீஸ், பழுது, ஸ்பேர் பார்ட்ஸ், இன்ஷூரன்ஸ் வேலை எல்லாவற்றையும் பற்றியது. இனப்பாகுபாட்டுக் காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களின் சிறு வொர்க்‌ஷாப்களுக்கு வழி திறப்பதும் அதன் நோக்கம். லெனேசியாவிலும் சாட்ஸ்வொர்த்திலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களும் அதில் அடக்கம்.

கார்க்காரருக்குக் கிடைப்பவை இவை:

1. வாரண்டி காலத்திலேயே வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்யலாம். அதைக் காரணம் காட்டி மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது. ஆனால் அந்த மெக்கானிக் செய்த வேலையால்தான் பாகம் போனது என்றால், அந்தப் பாகத்துக்கான கோரிக்கையைக் கம்பெனி மறுக்கலாம்.

2. கம்பெனி பாகமல்லாத பாகத்தையும் பொருத்தலாம்.

3. சர்வீஸ் பிளானையும் பராமரிப்புப் பிளானையும் கார் விலையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் வாங்காமல் விடலாம்.

4. டீலருக்குக் கிடைக்கும் தொழில்நுட்பத் தகவல் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும், நியாயமான கட்டணத்துக்கு.

5. வெளி மெக்கானிக்குக்கும் ஒரு கடமை உண்டு. தன் வேலையால் சேதம் வந்தால் ஈடுகட்ட இன்ஷூரன்ஸ் இருக்கிறதா இல்லையா என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கேட்டால் சிலர் முறைப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

வழிகாட்டல் என்பதால் பல் இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது. போட்டிச் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தால், சட்டத்துக்குப் பொருள் சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டுப்படுத்தும் ஆணை மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது?

நான்காவது புள்ளியை மறுபடி படியுங்கள். டீலருக்குக் கிடைப்பது வெளியாருக்கும் கிடைக்க வேண்டும். டீலருக்கே கிடைக்காவிட்டால்? ஒரு மாடலின் சேவையைக் கம்பெனி மூடிவிட்டால் ஏஜென்டும் முற்றத்து மெக்கானிக்கும் ஒரே நிலையில் நிற்பார்கள், இரண்டு பேர் கையும் காலி. சமத்துவம் காப்பாற்றப்பட்டுவிட்டது, கார் காப்பாற்றப்படவில்லை. டீலருக்கும் வெளியாருக்கும் இடையிலான வேலியை உடைக்க எழுதப்பட்ட ஆவணம் அது. நிறுத்தப்படும் சர்வருக்காக எழுதப்பட்டதல்ல.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கம்பெனி பாகங்களை வெளியாருக்கு விற்க வேண்டும் என்ற விதியில், திருட்டுத் தடுப்போடு சம்பந்தப்பட்ட பாகங்களுக்கு விலக்கு இருக்கிறது. முன்பெல்லாம் அப்படிப்பட்ட பாகம் என்றால் சாவியும், சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளப்பவிடாத இம்மொபிலைசரும்தான். இன்று எஞ்சின் கணினியும் கதவுக் கணினியும் ஒரே வலையில் கைகோத்து நிற்கின்றன. எது திருட்டுத் தடுப்புப் பாகம், எது இல்லை என்று யார் கோடு போடுவது?

சர்வீஸ் புத்தகத்தையும் சொல்ல வேண்டும். காகிதப் புத்தகத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவது எந்த வொர்க்‌ஷாப்பாலும் முடியும். பல கம்பெனிகள் அந்தப் பதிவைத் தங்கள் சர்வருக்கு மாற்றிவிட்டன. அங்கே எழுத வெளி மெக்கானிக் கம்பெனியின் இணைய வாசலில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால், ஒழுங்காக சர்வீஸ் பார்த்த காரும் விற்கும்போது "பதிவு இல்லாத கார்" ஆகிவிடுகிறது.

"திறந்துவிட்டால் திருடன் வருவான்"

கம்பெனிகளின் முக்கியமான எதிர்வாதம் இதுதான். அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. 2015ல் இரண்டு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பை இணையம் வழியாகவே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அதன் பிறகு 14 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஐநா விதி 155 காரின் இணையப் பாதுகாப்பையும், விதி 156 மென்பொருள் அப்டேட்டையும் பற்றியவை. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் இவை கட்டாயம். முன்விளக்குக்குப் பின்னால் ஓடும் வயரில் ஒரு கருவியைச் செருகி, சாவியே இல்லாமல் காரைக் கிளப்பும் திருட்டு உலகம் முழுக்க நடக்கிறது. கார் திருட்டைப் பற்றி டர்பன்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் திருடனுக்குப் பூட்டுவதும் மெக்கானிக்குக்குப் பூட்டுவதும் ஒன்றல்ல. ஐரோப்பாவில் இதைப் பிரித்திருக்கிறார்கள். பின்னணி சோதிக்கப்பட்டு அங்கீகாரம் பெற்ற வெளி மெக்கானிக்குகளுக்குத் திருட்டுத் தடுப்புத் தகவலும் கிடைக்கும் செர்மி என்ற முறை அங்கே இருக்கிறது. யார், எந்தக் காரை, எப்போது திறந்தார் என்பதற்குப் பதிவு இருக்கும். மேலும் 2023 அக்டோபர் 5ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஃபியட் கிரைஸ்லர் தன் கார்களைச் சோதிக்க வெளி வொர்க்‌ஷாப்களுக்கு விதித்த பதிவு, கட்டணம், சர்வர் இணைப்பு நிபந்தனைகள் செல்லாது என்றது. சட்டத்தில் இல்லாத நிபந்தனையை இணையப் பாதுகாப்பின் பேரில் கம்பெனி தானாகச் சேர்க்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கதை வேறு மாதிரி. சிம் வழியாகப் போகும் கார் தகவலை உரிமையாளரும் அவர் தேர்ந்த மெக்கானிக்கும் பார்க்கலாம் என்று 2020ல் மக்கள் முக்கால்வாசிப் பெரும்பான்மையோடு வாக்களித்தார்கள். கம்பெனிகள் வழக்குப் போட்டன. சுபாருவும் கியாவும் அந்த மாநிலத்தில் விற்ற புது மாடல்களில் இணைப்புச் சேவையையே அணைத்துவிட்டன. பங்கு கேட்டால் பந்தியையே எடுத்துவிடுவது. நம் நாட்டில் இப்படி ஒரு விதி வந்தால் இதே பதிலை எதிர்பார்த்தே அதை எழுத வேண்டும்.

நுகர்வோர் சட்டத்தில் ஒரு பிடி

2008ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 55வது பிரிவு, பொருள் நியாயமான காலத்துக்குப் பயன்படக் கூடியதாகவும் உழைக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை வருடம் என்று எண் இல்லை. பொருளின் இயல்பான பயன்பாட்டைப் பார்த்து முடிவாகும். பல லட்சம் ரேண்ட் கொடுத்து வாங்கும் கார், ஆறு வருடத்தில் தன் விற்பனை விளம்பரத்தில் சொன்ன வசதிகளை இழப்பது நியாயமான காலமா? இழக்கவில்லை என்று கம்பெனி வாதிடும், சேவை தனி ஒப்பந்தம் என்று சொல்லும். அங்கே 49வது பிரிவு உதவும். கம்பெனியின் பொறுப்பைக் குறைக்கும் நிபந்தனைகளை எளிய மொழியில், கண்ணில் படும்படி நுகர்வோருக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஆப்பைத் திறக்கும்போது நாற்பது பக்கத்துக்கு அடியில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று அமுக்கியது அதற்குப் போதுமா என்பது நல்ல வாதம்.

இப்போது செய்யக்கூடியவை

1. புதுக் கார் வாங்குகிறவர்: இணைப்புச் சேவை எத்தனை வருடம், அதன் பிறகு கட்டணம் எவ்வளவு, மோடம் 4ஜியா, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். "லைஃப்டைம்" என்று சொன்னால், யாருடைய லைஃப்டைம் என்று கேளுங்கள்.

2. சர்வர் இல்லாவிட்டால் எது எது நிற்கும் என்று கேளுங்கள். பாட்டு நின்றால் பாதகமில்லை. மின்காரில் சார்ஜ் நேரம் குறிப்பது ஆப்பில் மட்டும் இருந்தால் அது வேறு விஷயம்.

3. டிராக்கர் வைத்திருப்பவர், அது எந்த வலையில் பேசுகிறது என்று கம்பெனியிடம் கேட்டுவைப்பது நல்லது. அது ஊமையான பிறகு கார் திருடு போனால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

4. வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்தால் பில்லில் பாகத்தின் எண், எண்ணெயின் வகை, கிலோமீட்டர் எல்லாம் இருக்கட்டும். சர்வர் பதிவு இல்லாவிட்டாலும் காகிதம் பேசும்.

5. சேவை நின்றுவிட்டால் முதலில் டீலருக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார். பதில் திருப்தி இல்லை என்றால் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கார்க்காரருக்குக் கட்டணம் இல்லை. அடுத்த படி தேசிய நுகர்வோர் ஆணையம்.

6. பழைய கார் வாங்குகிறவர், டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் கூடவே வரும். தெரிந்தவரிடம் தனிப்பட்ட முறையில், "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று உள்ளது உள்ளபடி வாங்கினால் வராது. அப்படி வாங்கும்போது பணம் கொடுக்குமுன், பழைய உரிமையாளரின் ஆப் கணக்கிலிருந்து காரை நீக்கச் சொல்லி, உங்கள் போனில் சேர்த்துப் பாருங்கள். நீக்காமல் விட்டால் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரின் கதவை அவர் தன் வீட்டில் உட்கார்ந்து திறக்கலாம்.